இருபத்திரண்டாவது நிமிடம்

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குச் சளி விட்டதா? விடாவிட்டால் எழுது. விட்டிருந்தாலும் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன வாரம் இரண்டு தடவை போன் செய்தேன். "சரிக்கா, சரிக்கா, மெஷின் ஓடுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. காகிதத்தை நீ பாதியில் வைத்துவிட முடியாது. பதிலும் காகிதத்திலேயே வரட்டும். நீ என்ன சொன்னாய், நான் என்ன செய்தேன் என்பது எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் பேச்சு மாற்ற முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். செவலை, அதுதான் ஆஸ்பத்திரியின் புல்வெட்டுகிற டிராக்டர், நின்று நின்று போகிறது. மே மாதம் நீ லீவில் வந்தபோது எஞ்சினைச் சுத்தம் செய்து, பெட்ரோல் டேங்கின் பழைய தகர மூடியைக் கழற்றிவிட்டு, நீயே கடைந்து கொண்டுவந்த பித்தளை மூடியை மாட்டிவிட்டுப் போனாய். அப்போது புல் காய்ந்து கிடந்தது, வண்டிக்கு வேலையே இல்லை. இப்போது மழை பெய்து ஆஸ்பத்திரி மைதானம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அருமையாக ஓடுகிறது. இருபத்திரண்டாவது நிமிடம் இருமுகிறது, திணறுகிறது, நின்றுவிடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். அரைமணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். மறுபடி இருபத்திரண்டு நிமிடம்.

கால் ஆபரேஷன் ஆனவர்கள் நடந்து பழகுகிற பாதையே புல்லுக்குள் போய்விட்டது. புதிதாக வந்திருக்கிற நிர்வாகி மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். தோட்டத்தைக் கான்ட்ராக்டில் விடப் போவதாகப் பேச்சு. பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற தோட்டம். அது போனால் இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உடனே பதில் போடு.

உன் அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். சளி விட்டுவிட்டது.

இதற்கா இவ்வளவு பெரிய கடிதம்! சின்ன விஷயம். முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா பார். சிரிக்காதே, பத்தில் ஏழு வண்டி பெட்ரோல் இல்லாமல்தான் நிற்கும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி மாட்டு. காற்று பில்டரைத் தட்டித் தூசி எடு. பெட்ரோல் குழாயில் அடைப்பு இருக்கலாம், ஊதிப் பார். ஸ்டார்ட் ஆனதும் சோக்கை உள்ளே தள்ளாமலே நீ ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். உனக்கு மெஷின் என்றாலே அவசரம்.

மூடியை இறுக்கி மூடு. தூசி உள்ளே போனால் எஞ்சின் காலி. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூலை 27

தம்பிக்கு,

எல்லாரும் சுகம், எனக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு. காரணம் உன் கடிதம்.

பெட்ரோல் இருக்கிறதா என்றா கேட்டாய்? பதினெட்டு வருஷமாக அந்த டேங்கில் பெட்ரோல் ஊற்றுகிறவளைப் பார்த்து? நீ அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் செயினில் விரலை விட்டு அழுத காலத்தில் விரலை எடுத்துவிட்டவள் யார்? எனக்கு அவசரமாம்!

பிளக் புதிது போட்டேன். பில்டர் புதிது. குழாயைக் கழற்றி ஊதினேன், பெட்ரோல் வாய்க்குள் போனதுதான் மிச்சம், இரண்டு நாள் சாப்பாடு எதுவும் இறங்கவில்லை. சோக்கைத் தள்ளித்தான் ஓட்டினேன், சாட்சிக்கு வாட்ச்மேன் இருக்கிறார். எல்லாம் செய்தும் இருபத்திரண்டு நிமிடம்தான்.

தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தேன். எதற்கெடுத்தாலும் "ஆகட்டும் பாத்துடலாம்" என்பாரே, அதனால் ஊரே அவரை ஆகட்டும் என்றுதான் கூப்பிடுகிறது. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "இதை எடைக்குப் போட்டுருங்கம்மா" என்றார். அதைச் சொல்வதற்கு ஒரு மெக்கானிக் வேண்டுமா?

நிர்வாகி கீழே இறங்கி வந்தார். இறங்கி வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? "இத்தனை நாளா நல்லா ஓடின வண்டிதானே, நீங்க என்ன பண்ணீங்க?" நான் என்ன பண்ணினேனா? இந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரித் துடைத்து வைத்திருக்கிறேன். உன் பித்தளை மூடி முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது.

என்னோடு விளையாடாமல் உருப்படியாக ஒன்று சொல்.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கோபிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

யோசித்துப் பார்த்தேன். சூடு ஏறினதும் நிற்கிறது, ஆறினதும் ஓடுகிறது. அப்படியென்றால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில்தான் கெட்டிருக்கிறது. பழைய காயில் சூட்டில் மின்சாரம் தராமல் கையை விரித்துவிடும். சந்தேகமே வேண்டாம், மாற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

தம்பி

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகம் என்று நம்புகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாய். காயில் மாற்றினேன். புது காயிலிலும் இருபத்திரண்டு நிமிடம்தான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். எழுதிவிடுகிறேன், உனக்குப் பயன்படும். பெட்ரோல் பெட்ரோல் என்று நீ உயிரை வாங்கினாயே, சரி, இவன் வாயை அடைப்போம் என்று வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே பாதி டேங்க் பெட்ரோல். மூடிவிட்டு இழுத்தேன். உடனே ஓடியது! அரைமணி நேரம் காத்திருக்கவே இல்லை. அப்புறம் வழக்கம்போல நின்றது. திறந்தேன், உஸ், மூடினேன், ஓடியது. ஒரு காலையில் நாலு தடவை இந்தக் கூத்து. காயில் சூடாகி நிற்கிறது என்றால் மூடியைத் திறந்தால் ஏன் ஓட வேண்டும்? மண்டையைக் குடைகிறது.

ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் வண்டியை விட்டு இறங்கி மூடியைத் திறந்துகொண்டிருந்தால் மேலே ஜன்னலில் நிற்கிறவர் சும்மா இருப்பாரா? சீக்கிரம் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 31

தம்பிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் மனைவியிடம் பேசினேன், "நல்லாத்தான் இருக்கார் அண்ணி" என்றாள். நல்லாத்தான் இருக்கிறாய் என்றால் கை மட்டும் என்ன ஆச்சு?

நேற்று என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகியின் மேஜைமேல் ஒரு காகிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. "என் கவனக்குறைவான பயன்பாட்டால் டிராக்டர் பழுதடைந்தது" என்று என் வாயால் நான் சொல்வதுபோல எழுதியிருந்தார்கள்.

"இதுல நீங்க கையெழுத்துப் போட்டா ஒரு மாசம் டைம் தரேன். அக்டோபர் ஒண்ணாம் தேதி என் கண்ணு முன்னால ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும். ஓடலைன்னா கான்ட்ராக்ட்."

"நான் ஒண்ணுமே பண்ணலைங்களே" என்றேன்.

"அப்போ யாரு பண்ணாங்க? வேற யாராவது வண்டியில கை வெச்சாங்களா?"

உன்னைச் சொல்ல வாயெடுத்தேன். எஞ்சினைச் சுத்தம் செய்து கொடுத்த தம்பியை எதற்கு இழுத்துவிட வேண்டும் என்று விழுங்கிவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு செடியைக்கூட என் கவனக்குறைவால் சாகவிட்டதில்லை, அதை அங்கே யாரிடம் சொல்வது? வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஒரு மாதம்தான் இருக்கிறது. எழுதுடா.

அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். உன் நலமும் மாமாவின் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தடவச் சொல். குழந்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இங்கே வேலை அதிகம், அதனால்தான் தாமதம். மன்னித்துக்கொள்.

நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம்.

வண்டியைப் பற்றி: கார்புரேட்டரை ஒருமுறை சுத்தம் செய்து பார். அப்புறம், வெயில் காலமாக இருப்பதால் டேங்க் மூடியை ரொம்ப இறுக்காதே, ஒரு சுற்றுத் தளர்வாகவே விடு. எல்லாம் சரியாகிவிடும். கவலைப்படாதே.

தம்பி

செப்டம்பர் 24

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

மூடியைத் தளர்வாக விடு என்று நீ எழுதியதை நான் கேட்கவில்லை. மைதானத்தின் சரிவில் திரும்பும்போது பெட்ரோல் தளும்பும், கீழே எஞ்சின் கொதிக்கும், பொசுங்கிப் போவேன். முன்னால் இறுக்கு என்றாய், இப்போது தளர்த்து என்கிறாய், இவனுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பெட்ரோல் ஊற்றும்போது மூடி கைதவறி உருண்டு செடிக்குள் போய்விட்டது. தேட நேரமில்லை. டேங்க் வாயில் பழைய துணியைக் கட்டிவிட்டு, சமதரையில் மட்டும் மெதுவாக ஓட்டினேன். இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது, போனது. முப்பது. நாற்பது. ஒரு மணி நேரம் ஓடிற்று. நான்தான் நிறுத்தினேன், வண்டி நிற்கவில்லை. பயம் வந்துவிட்டது எனக்கு.

மூடியைத் தேடி எடுத்து மாட்டினேன். நின்றது. துணி கட்டினேன். ஓடிற்று. மூன்று நாள், மாற்றி மாற்றி ஆறு தடவை பார்த்துவிட்டேன். அப்புறம் சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் பழைய தகர மூடியை எடுத்தேன். அதன் நடுவில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துளை. உன்னுடையதில் துளையே கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து உறிஞ்சினால் உள்ளே காற்று போகாமல் ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான் டேங்க் ஒட்டிக்கொண்டு பெட்ரோலை விடவில்லை. உஸ்ஸென்று சத்தம் போட்டுத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறது செவலை.

இது வரைக்கும் கோபமில்லை. மனிதன் என்றால் மறப்பான். அன்று மத்தியானம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். பத்துப் பதினொரு நாளில் பதில் போடுகிறவன் நான் உஸ் என்று எழுதின கடிதத்துக்கு மட்டும் ஒரு மாதம் பேசவில்லை. பேசினபோது, மூடியைத் தளர்த்து, வெயில் காலம் என்கிறாய். வெயிலா? இங்கே மழை கொட்டுகிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேனே!

உனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் அந்த ஆள் முன்னால் குற்றவாளி மாதிரி நின்று கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு "நீ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம்" என்கிறாய். எப்படியடா மனசு வந்தது? வேலை போகட்டும் என்று விட்டுவிட்டாயா? பூசி மெழுகாமல் பதில் எழுது. மாமாவின் முட்டியை இதில் இழுக்காதே.

அக்கா

அக்டோபர் 3

அக்கா,

தெரியும்.

உஸ் என்ற இடத்தைப் படித்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நான் பதினோரு வருஷமாகப் பம்பு கம்பெனியில் காற்றுப் புகாத மூடி கடைகிறவன். துளி கசிந்தாலும் ஃபோர்மேன் தூக்கி மூலையில் எறிவார். உனக்கு ஒன்று அழகாகச் செய்துகொண்டு போகலாம் என்று உட்கார்ந்தேன், கை பழக்கத்தில் அதையும் அப்படியே செய்துவிட்டது. ரப்பர் வளையம் வேறு போட்டு, தண்ணீரில் முக்கிக் கசியவில்லை என்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆணியால் மூடியில் ஒரு துளை போடு என்று ஒரே வரி எழுதியிருந்தால் போதும். எழுத முடியவில்லை. அந்தப் பித்தளை கம்பெனிப் பித்தளை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி லேத் மெஷினில் கடைந்தேன். போன வருஷம் வீட்டுக்குக் கதவுத் தாழ்ப்பாள் கடைந்த ஒருவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். நீ ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாதவள். கோபத்தில் அதைக் கொண்டுபோய் அந்த நிர்வாகியிடம் நீட்டுவாய், அவர் என் கம்பெனிக்கு எழுதுவார் என்று தோன்றியது. பயந்துவிட்டேன். அதோடு, உனக்கு மெஷின் தெரியாது என்று ஆயுசு முழுக்கச் சொன்னவன், தப்பு என் கையில் என்று எப்படி எழுதுவது என்று ஒரு வெட்கம்.

ஒன்றாம் தேதி என்ன ஆயிற்று? நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி

அக்டோபர் 12

தம்பிக்கு,

எல்லாரும் சுகம்.

ஒன்றாம் தேதி தகர மூடியோடு செவலை ஒரு மணி பத்து நிமிடம் ஓடிற்று. நிர்வாகி நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். கட்டை ஊன்றி நடக்கிற நோயாளி ஒருவர் பாதையில் நின்று கைதட்டினார். "சரி, வேலையைப் பாருங்க" என்று நிர்வாகி எழுந்துவிட்டார்.

"அந்தக் காகிதம்?" என்றேன்.

"அது ஃபைல்ல இருக்கட்டும்."

இருக்கட்டுமாம். டிசம்பரில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று ஃபைலைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கவனக்குறைவு என்று என் கையெழுத்தோடு ஒன்று உள்ளே கிடந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மூடியை மேஜைமேல் வைத்துக் காட்டி, தப்பு இதில்தான், என் தம்பி செய்தது, நான் இல்லை என்றேன்.

"உங்க தம்பி தப்புன்னு நீங்க சொன்னா ஆச்சா? அவரே எழுதித் தரட்டும். எங்க வேலை செய்யறார், விலாசத்தோட. நான் விசாரிச்சுக்கறேன்."

அந்தக் கடிதம் எனக்கு வேண்டும். உன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் கேட்கிறேன். என் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் நீ சும்மா இருந்தாய்.

அக்கா

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கம்பெனி விலாசமும் இருக்கிறது. பித்தளை யாருடையது என்பதும் இருக்கிறது, பாதியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. உறையை ஒட்டவில்லை, நீ படித்துப் பார். குழந்தையை அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்க வேண்டும். என் மனைவிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நான் சொல்லவில்லை.

கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

தம்பி

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் மாமாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை நிர்வாகியிடம் கொடுத்துவிட்டேன்.

கொடுக்கமாட்டேன் என்றுதானே நினைத்தாய்? குழந்தையின் பள்ளிக்கூடத்தை ஒரு வரி, என் இஷ்டம் என்று ஒரு வரி. அக்கா படித்துவிட்டு உருகி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டாய். நீ செய்ததிலேயே இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூடி மறதி. மௌனம் பயம். அந்த இரண்டையும்கூட மன்னித்துவிடலாம். கடைசியில் கொண்டுவந்து பாரத்தை என் தலையில் இறக்கி வைத்தாயே, அதற்கு என்ன பெயர்? உன் வேலை போனால் நான் போக்கினதாக இருக்க வேண்டும், என் வேலை போனால் நானாக விட்டதாக இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறது உன் நியாயம்!

இரண்டு நாள் வைத்திருந்தேன், பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். அவர் நின்றபடியே படித்தார். "என் அக்கா மேல் எந்தத் தவறும் இல்லை" என்ற வரியை மட்டும் சத்தமாகப் படித்தார், பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபைலைத் திறந்து என் காகிதத்தை உருவிக் கொடுத்தார். அங்கேயே, அவர் முன்னாலேயே, எட்டாகக் கிழித்தேன். உன் கடிதத்தை அந்த இடத்தில் வைத்து மூடினார். உன் கம்பெனிக்கு எழுதுவாரா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

எழுதுவாரோ மாட்டாரோ, அதையே நினைத்துக்கொண்டு உட்காராதே. நான் ஜூலையிலிருந்து அப்படி உட்கார்ந்து பார்த்தவள், அது மனிதரை அரித்துவிடும். அவர் எழுதுவதற்கு முன்னால் நீயே ஃபோர்மேனிடம் போ. பித்தளைக்கு என்ன விலையோ கையில் கொண்டுபோ. அதற்கும் முன்னால் உன் மனைவியிடம் சொல். அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பது இரண்டாவது தப்பு. திட்டுவாள், திட்டட்டும்.

அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் மூன்று பேரும் கிளம்பி இங்கே வாருங்கள். முன்அறையைக் காலி செய்து வைக்கிறேன், பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, உனக்கு வேலை கிடைக்கிற வரையில் என் சம்பளத்தில் சாப்பிடலாம். அந்தச் சம்பளம் இப்போது எனக்கு நிச்சயம்.

நேரில் வந்தால் உன்னை விடமாட்டேன், நன்றாகக் கேட்பேன். ஆனாலும் வா.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்கா